விதானையார் வைத்த புள்ளிகள்

அவரை நினைத்தால் முதலில் மூக்குக்கு வருவது இத்தாலியன் துளசியின் மணம். அடுத்தது ஓங்காளம். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட நேரமில்லை.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்தக் காலத்தில் இருந்த தமிழர் எவருக்கும் பெயர் தேவைப்படாது. "விதானையார்" என்றால் போதும். ஊரில் விதானையார் என்றால் யார் பிறந்தது, யார் செத்தது, எந்தக் காணி யாருடையது என்று பதிந்து வைத்திருக்கும் அரசாங்க ஆள். இவர் ஒருநாளும் விதானையாக இருந்தவரில்லை. ஊரில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தாராம். மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியக் கிழவரின் மரக்கறிக் கடையில் வேலை. ஆனால் யாரும் கேட்காத ஒரு பதிவேட்டை மண்டைக்குள் வைத்துக்கொண்டு இருபது வருஷமாக அதை நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஊர்ப் பெயர்களையும் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் கணக்குப் போடுவீர்கள். பொய் சொல்லாதீர்கள், போடுவீர்கள்.

எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி. கீழே ஒரு கிரேக்கக் கிழவி, நடுவில் நாங்கள், உச்சியில் அவர். மனைவி ரொறன்ரோவில் மகனோடு இருந்தார். ஏன் என்று அவரிடம் கேட்க யாருக்கும் துணிவில்லை. கேள்வி கேட்பது அவருடைய தொழில்.

மூன்று கேள்வி. அவ்வளவுதான். "தம்பி எந்த ஊர்?" இது முதலாவது, சிரித்துக்கொண்டு. "ஓ, அங்கை எந்தக் கோயிலடிப் பக்கம்?" இது இரண்டாவது, சிரிப்பு கொஞ்சம் குறையும். "அப்ப ஆரின்ரை வீட்டுக்குப் பக்கத்திலை?" இது மூன்றாவது. அதற்குப் பதில் வரும்போது அவருடைய இடது கண் பாதி மூடும். அந்தப் பாதிக் கண்ணுக்குள் ஒருத்தனுடைய பரம்பரையே இறங்கி, தனக்குரிய தட்டில் போய் உட்கார்ந்துவிடும். சாதி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சொல்லைச் சொல்கிறவர்களைப் பண்பில்லாதவர்கள் என்பார்.

ஒருநாள் ஒரு பெடியன் பையோடு எங்கள் படியடியில் நின்றான். அகதியாக வந்து பத்து நாள்கூட இருக்காது. அறை தேடி வந்திருந்தான். எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது, வாடகைக்குக் கொடுக்கலாம் என்று அப்பாவும் சொல்லியிருந்தார். விதானையார் படியில் இறங்கி வந்து மூன்று கேள்வியையும் கேட்டார். பிறகு அவனுடைய தோளில் கைபோட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்துக்குத் தானே நடந்து கூட்டிக்கொண்டு போனார். பையைக்கூடத் தூக்கினார்.

"என்ன அண்ணை, இஞ்சை அறை இருக்கே?" என்று அப்பா பிறகு கேட்டார்.

"அங்கை அவன்ரை ஆக்கள் இருக்கினம். அங்கை எண்டால் அவனுக்கு ஒரு குறையுமில்லை" என்றார்.

அந்தப் பெடியன் அவரை இப்போதும் கும்பிட்டுக்கொண்டுதான் இருப்பான். அதுதான் குமட்டுகிறது.

அப்போது எனக்கு இது ஒன்றும் தெரியாது. யூனிவர்சிட்டியில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எல்லாவற்றையும் வரைபடமாக்கிவிடலாம் என்று நினைத்துத் திரிந்த வயசு. ஒரு பேராசிரியர் எங்களுக்கு ஒரு ஒப்படை தந்தார். மொன்றியலுக்கு வெளியே நாட்டுப்புறமான ஒரு மாவட்டம், அதில் சின்னச் சின்ன ரவுண்கள். ஒவ்வொரு ரவுணிலும் இத்தாலிய வம்சாவளி ஆட்கள் எத்தனை பேர் என்று குடிசனக் கணக்கிலிருந்து ஓர் அட்டவணை. அதைப் புள்ளிப் படமாக்கி, ஏன் இந்தப் பரம்பல் இப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். படம் போட்டுவிட்டேன். ஒரு ரவுணில் புள்ளிகள் கொத்தாக அப்பிக் கிடந்தன. ஐந்து நிமிஷ ஓட்டத்தில் இருக்கும் பக்கத்து ரவுணில் ஒரு புள்ளிகூட இல்லை. ஏன்? யாருக்குத் தெரியும்!

அந்த நேரம் பார்த்துத்தான் விதானையார் அம்மாவுக்குக் கத்தரிக்காய் கொண்டு வந்தார். சந்தையில் மிஞ்சியதை அவர் எங்களுக்குக் கொண்டு வருவது வழக்கம். அம்மாவுக்கு அவரில் இருந்த பக்தியில் பாதி கத்தரிக்காய்ப் பக்தி.

"இதென்ன பிள்ளை, அம்மாள் வருத்தம் வந்த முகம் மாதிரிப் புள்ளி புள்ளியாக் கிடக்கு?"

"இத்தாலி ஆக்கள் அங்கிள். எந்த ரவுணிலை எத்தினை பேர் எண்டு."

அவர் கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த ஆர்வத்தை நான் வேறு எந்தப் பெரிய மனிதரின் முகத்திலும் பார்த்ததில்லை.

"இந்தக் கொத்துக்குப் பக்கத்திலை கல்லுடைக்கிற இடம் இருக்கோ பார்."

பார்த்தேன். இருந்தது.

"எப்பிடி அங்கிள்?"

"எங்கடை முதலாளியின்ரை தேப்பன் கல்லுடைக்கத்தான் வந்தவர். ஒருத்தன் வந்தாக் காணும் பிள்ளை. பேந்து அவன்ரை மச்சான் வருவான். மச்சான்ரை தம்பி வருவான். தம்பி கலியாணம் கட்டப் பொம்பிளை வருவா. பிறகென்ன, அந்த ஊர் முழுக்க இஞ்சை." விரலால் படத்தைத் தட்டினார். "ஆனா உன்ரை படம் பிழை."

"என்ன பிழை?"

"இத்தாலி எண்டு ஒரே நிறம் அடிச்சு வைச்சிருக்கிறாய். இத்தாலி எண்டு ஒரு இடம் இருக்கோ? சனிக்கிழமை சந்தைக்கு வா. காட்டுறன்."

போனேன். செப்ரெம்பர் மாதம். தக்காளிக் காலம். சோஸ் காய்ச்சி வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள இத்தாலியக் கிழவிகள் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். விதானையார் முதலாளியின் பழைய கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்று, தாடையை மட்டும் அசைத்து எனக்கு ஒவ்வொருத்தியாகக் காட்டினார். "இவ சிசிலி. செயின்ட்-லெனார் பக்கம் இருக்கிறா. அவ கலாப்ரியா, உறைக்கிற மிளகாயும் எடுப்பா பார்." எடுத்தாள்! "அந்தக் கறுப்புச் சட்டை மொலீசே, எங்கடை முதலாளியின்ரை ஊருக்குப் பக்கத்து ஊர். ஆனா முதலாளி அவவோடை கதைக்கமாட்டார்."

"ஏன்?"

"பக்கத்து ஊர் எண்டபடியாத்தான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஒப்படைக்கு வகுப்பிலேயே எனக்குத்தான் கூடின புள்ளி. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அந்த மனுசனைப் பிடித்திருந்தது. என்னால் மன்னிக்க முடியாதது அதுதான்.

கைம்மாறு கேட்டார். "எங்கடை ஆக்களுக்கும் இப்பிடி ஒண்டு செய்வமே பிள்ளை? நான் செத்தா இதெல்லாம் என்னோடை போயிடும்."

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். குடிசனக் கணக்கில் இல்லாத தரவு! அந்த மாரி முழுக்க ஞாயிறு பின்னேரங்களில் அவர் எங்கள் குசினி மேசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், நான் கணினியில் அடிப்பேன். தெரு, வீட்டு நம்பர், ஊர், கடைசியில் ஓர் இலக்கம். வெளியே பனி கொட்டும். அவர் டுறோஷே வீதியில் தெற்கிலிருந்து வடக்காகக் கண்ணை மூடிக்கொண்டே நடப்பார்.

"பச்சைக் கதவு, ரெண்டாம் மாடி. ஊர் நான் முதல் சொன்னதுதான். மூண்டு. பக்கத்து வீடு, அவரின்ரை மருமோன். அதுவும் மூண்டு. மூலை வீடு, நாலு."

"இந்த இலக்கம் என்ன அங்கிள்?"

"அது எனக்கு விளங்கும். நீ அடி."

யார் எந்த அலையில் வந்தவர்கள் என்ற கணக்காக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒன்று என்றால் முதலில் வந்தவர்கள். எங்கள் வீடும் ஒன்று. அப்பா வெள்ளனவே வந்தவர், சரிதானே! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்றுக்கு நீலம், இரண்டுக்குப் பச்சை, மூன்றுக்கு மண்நிறம், நாலுக்குச் செம்மஞ்சள். நிறங்களைத் தெரிவு செய்தது நான்தான். ஒரு கட்டடத்துக்கு ஒரு புள்ளி. யூனிவர்சிட்டியில் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்து, எட்டி நின்று பார்த்து, "ஆ... இப்ப வடிவு" என்றார்.

அதே மாரியில், பெப்ரவரியில், என் அக்கா வதனி வேலை செய்த கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், சூடாக்கி நின்றுபோனது. அத்தனை குஞ்சு குருமனும் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து மூக்கு வடிக்க, அதைத் திருத்த வந்தவன் ரூபன். ஒரு மணித்தியால வேலைக்கு நாலு மணித்தியாலம் எடுத்தானாம். அடுத்த கிழமை ஒன்றும் உடையாமலே திரும்ப வந்தானாம். ஏப்ரல் கடைசியில் அக்கா வீட்டில் சொன்னாள்: "நான் ரூபனைத்தான் கட்டப்போறன்."

அக்கா அப்படித்தான். என்னைப் போலப் பத்து வசனம் கதைக்க மாட்டாள்.

அம்மா முதல் நாள் சந்தோஷப்பட்டார். நல்ல வேலை, நல்ல பெடியன், தாய் மட்டும்தான், ஹொட்டேலில் கட்டில் விரிக்கிற வேலை செய்து வளர்த்த மனிசி. இரண்டாம் நாள் ஒரு கிண்ணத்தில் வடையை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். ஒரு கலியாணம் என்றால் சாதகம் பார்ப்பதற்கு முன் மேல்மாடிக்கு ஏறுவதுதான் எங்கள் ஆட்களின் முறை. ரெலிபோனிலும் கேட்பார்கள், ரொறன்ரோவிலிருந்துகூட. அவர் விவரம் சொல்ல மாட்டார். சரியென்றால் "நல்ல இடம்" என்பார். இல்லையென்றால் "நல்ல பிள்ளைதான். யோசிச்சுச் செய்யுங்கோ" என்பார்.

அம்மா கீழே வந்து தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

"என்னம்மா?" என்றேன்.

"தலையிடி."

"அங்கிள் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டும் சொல்லாததுக்கே படுத்திருக்கிறியள்?"

"பெடியன் நல்லவன்தான். நான் இல்லையெண்டே? யோசிச்சுச் செய்யட்டாம்." அம்மா சுவர்ப் பக்கம் திரும்பினார். "இவளுக்குப் பின்னாலை நீ ஒருத்தி இருக்கிறாய். பிறகு உனக்கு ஆர் வருவான்?"

"என்னை இழுக்காதேங்கோ. எனக்கு ஒருத்தரும் வரவேண்டாம்."

"வாயை மூடு."

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போய் உடுப்புத் தோய்க்கத் தொடங்கினாள்.

அன்றைக்குத்தான் நான் அந்தக் கோப்பைத் திறந்தேன். ரூபனின் வீட்டு முகவரியைத் தேடினேன். பக்கத்தில் நாலு. என் விரலால் அடித்த நாலு. பிறகு நாலாம் இலக்க வீடுகளை மட்டும் பிரித்து எடுத்துப் பார்த்தேன். முப்பது செக்கன் ஆகவில்லை, விளங்கிவிட்டது. அத்தனையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மா பலகாரம் கொடுத்தனுப்பாத வீடுகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பாதிக்கு மேல் இரண்டே இரண்டு கட்டடங்களில் இருந்தார்கள். அந்தப் பையோடு வந்த பெடியனைக் கூட்டிக்கொண்டு போன கட்டடம் அதில் ஒன்று.

ஏன் இந்தப் பரம்பல் இப்படி இருக்கிறது? பேராசிரியர் கேட்ட கேள்வி. கல்லுடைக்கிற இடம், மச்சான், மச்சான்ரை தம்பி என்றெல்லாம் எழுதினேனே. வாசலில் நின்று ஒவ்வொருத்தனையும் திருப்பி அனுப்புகிற ஒரு ஆளைப் பற்றி நான் எழுதவில்லை. நான் அதற்கு நிறம் வேறு தீட்டிக் கொடுத்திருந்தேன். குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, இரண்டு தரம். நாடகம்போல இருக்கிறது, தெரியும். கழுவினேன்.

அடுத்த நாள் நேராகச் சந்தைக்குப் போனேன். மே மாதம். விதானையார் துளசிக் கன்றுச் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை முழுக்க அந்த மணம்.

"அங்கிள், நாலு எண்டா என்ன?"

"தெரிஞ்சுகொண்டு என்னத்துக்குக் கேக்கிறாய்?"

"உங்களுக்கு வெக்கமாயில்லையே? இது கனடா."

"பிள்ளை, நான் ஆரையும் ஏசினனானே? அடிச்சனானே? கேட்டவைக்குச் சொன்னனான். கேக்காட்டி நான் ஏன் சொல்லப்போறன்? கொம்மாதான் ஏறி வந்தவ."

அது உண்மை. ஆத்திரத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன். "அந்தா நிக்கிற உங்கடை முதலாளி, அவருக்கு நீங்கள் எத்தினையாம் நம்பர்?"

அவர் கோபிக்கவில்லை. சட்டியில் உதிர்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: "அவைக்கு நாங்கள் எல்லாரும் ஒண்டுதான் பிள்ளை. அதுதானே பிரச்சினை."

அதைச் சொல்லிவிட்டு அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு துளசிச் சட்டியை என் கையில் வைத்தார். மெட்ரோ வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். கன்று என்ன பாவம் செய்தது, அது வேறு விஷயம்.

இரண்டு மாதம் வீட்டில் சாவு விழுந்ததுபோல இருந்தது. அக்கா வேலைக்குப் போவாள், வருவாள், ரூபனோடு ரெலிபோனில் மெல்லக் கதைப்பாள். அம்மா ஓமென்றால்தான் கலியாணம் என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம். ஓடிப்போய்க் கட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. "நான் ஒரு பிழையும் செய்யேல்லை, ஏன் ஓடவேணும்?" என்றாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விதானையார் அயர்ன் பண்ணிய சட்டையோடு, ஒரு கூடை பீச் பழத்தோடு கதவைத் தட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"தங்கச்சி, என்னிலை பிழை. பிழை எண்டாப் பிழைதான், ஒத்துக்கொள்ளவேணும். நான் பாரிசுக்கு ரெலிபோன் எடுத்து விசாரிச்சனான். உந்தப் பெடியன்ரை ஆக்கள் அந்த இடமில்லை. அவையின்ரை ஊரை ஆமி எழுப்பினாப்பிறகு அங்கை வந்து வாடகைக்கு இருந்தவை. அவையின்ரை சொந்த ஊர் வேறை." குரலை இறக்கினார். "நல்ல இடம்."

அம்மா அப்படியே கதிரையில் உட்கார்ந்து அழுதார். "என்ரை அம்மாளாச்சி" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பிறகு எழும்பிக் கேத்திலைப் போட்டார். எனக்குள்ளும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்று ஏதோ இளகியது. சீ! எழுதவே கூசுகிறது. ஆனால் இளகியது.

அக்கா தலைமயிர் ஈரத்தோடு வந்து நின்றாள்.

"இப்ப ரூபன் மாறிட்டானோ?"

"ஏன் பிள்ளை ஏறுமாறாக் கதைக்கிறாய்? நல்ல காரியம் நடக்கப்போகுது. அண்ணை, நீங்களும் எங்களோடை வரவேணும், கேக்க."

அப்படித்தான் அடுத்த ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் ஒரு பழக் கூடையோடு ரூபன் வீட்டுக்குப் பெண்வீட்டாராகப் போனோம். ரூபனின் அம்மா சின்ன உருவம். சோபாவில் விரித்திருந்த துணியில் ஒரு சுருக்கம் இல்லை, அவ தொழிலே அதுதானே. பலகாரம் வைத்தார். அப்பா வெயிலைப் பற்றிக் கதைத்தார். அம்மா சோபாத் துணியைப் புகழ்ந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். விதானையாரால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தன் திருத்தத்தில் ஒரு முத்திரை விழ வேண்டும் அவருக்கு.

"அக்கா, நீங்கள் அங்கை வாடகைக்குத்தானே இருந்தனீங்கள்? ஆமி எழுப்பினாப்பிறகு?"

ரூபனின் அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்தார். இரண்டு மாதமாக ஏன் ஒரு சத்தமும் இல்லை, இப்போது ஏன் பழக் கூடையோடு வந்திருக்கிறோம் என்று அவவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த ஊரில் யாருக்குத் தெரியாது.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார், மெல்ல. "அது எங்கடை சொந்த வீடு. என்ரை மனிசன்ரை பாட்டன் காலத்திலையிருந்து அந்த இடம்தான். வேறை ஊர் எங்களுக்கு இல்லை."

அது உண்மையா, எங்களைப் பார்த்ததும் வந்த வெறுப்பில் சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ரூபனிடம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். அந்த நேரம் நான் விதானையாரின் முகத்தைத்தான் பார்த்தேன். இடது கண் பாதி மூடியது. அவமானப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. சந்தோஷம்! தன் முதல் கணக்குச் சரியாக வந்த சந்தோஷம். ஒரு பெண்ணின் வாழ்க்கை முன்னாலேயே உடைந்துகொண்டிருக்கிறது, அந்த மனுசன் வாய்க்குள் சிரிக்கிறார்.

அம்மா எழும்பினார். "அப்ப நாங்கள் வாறம்."

அப்பாவும் எழும்பினார், கார்த் திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தபடி. நானும் எழும்பிவிட்டேன், பழக்கதோஷம். அக்கா எழும்பவில்லை.

"வதனி."

"நீங்கள் போயிட்டு வாங்கோ அம்மா. நான் நிக்கிறன்."

ஒக்ரோபரில் நீதிமன்றத்தில் பதிவுத் திருமணம். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். அம்மா வரவில்லை. அதற்குப் பிறகும் ரூபன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அக்கா வந்தால் அவன் காரிலேயே இருப்பான், ஜனவரியிலும்.

விதானையார் ஒருநாள் என்னைப் படியில் மறித்தார். குரலில் ஒரு கோபமும் இல்லை, தபால்காரர் கையெழுத்துக் கேட்பதுபோல.

"பிள்ளை, அந்தப் படத்திலை உங்கடை வீட்டை ஒருக்கா மாத்தவேணும்."

"என்ன?"

"கொக்கா அங்கை போயிட்டா. இனி உங்களை ஒண்டிலை வைக்கேலாது. கோவமில்லை, படம் சரியா இருக்கவேணும் எல்லே."

"அங்கிள், ஒரு கட்டடத்துக்கு ஒரு புள்ளி. நீங்களும் இந்தப் புள்ளிதான்."

சும்மா எரிச்சலில் சொன்னேன். அவர் வாய் திறந்தபடி நின்றார். அவர் யோசிப்பது எனக்கு வெளியே தெரிந்தது. பிறகு மேலே ஏறிப் போனார். ஏப்ரலில் கேள்விப்பட்டோம், மேற்குப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், முருகன் கோயிலுக்குக் கிட்ட, நீலப் புள்ளி வீடொன்றின் நிலவறையில் இடம் எடுத்திருக்கிறாராம். ஒரு நிறத்துக்காக வீடு மாறின மனுசனை உலகத்தில் வேறெங்கும் காட்டுங்கள் பார்ப்போம்.

ஜூலை முதலாம் திகதி. மொன்றியலே வீடு மாறுகிற நாள். வெயில் தலையைப் பிளந்தது. அவருடைய நீலப் புள்ளி ஆட்கள் ஒருவரும் வரவில்லை. எல்லாருக்கும் ஒரு சாட்டு. மூன்றாம் மாடியிலிருந்து வெளிப்புறத்து வளைபடியால் பிரிட்ஜை யார் இறக்குவது? அப்பா அம்மாவுக்குச் சொல்லாமல் ரூபனுக்கு ரெலிபோன் எடுத்தார். எனக்கு அப்பாவில் வந்த கோபம்! ரூபன் வேலையிடத்துப் பட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு வந்தான், அக்காவோடு. பிரிட்ஜை முதுகில் சாய்த்து, படி படியாக, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி இறக்கினான். எங்கள் ஜன்னல் திரை அசைந்ததை நான் பார்த்தேன். பிறகு கட்டில், மேசை, அரிசிப் பெட்டி. அவனுடைய சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும்.

விதானையார் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி வந்தார். கையில் இரண்டு சில்வர் பேணி. அப்பாவுக்கு ஒன்றில் ஊற்றினார், எனக்கு ஒன்றில். நாங்கள் குடித்தோம், பேணியைத் திருப்பி வாங்கினார். பிறகு நடைபாதையில் இருந்த ஒரு பெட்டியைக் குனிந்து பார்த்தார். ரேப் ஒட்டிக் கட்டிய பெட்டி. நகத்தால் ரேப்பைக் கிழித்தார். அது வரவில்லை. திறப்பால் கிழித்தார். உள்ளே கையை விட்டுத் துழாவி, இரண்டு கடதாசிக் கப்பை வெளியே எடுத்தார். ஒன்று ரூபனுக்கு, ஒன்று அக்காவுக்கு.

பேணி இரண்டும் அவருடைய மற்றக் கையிலேயே இருந்தன.

ரூபன் கப்பைப் பார்த்தான், குடிக்கவில்லை. அக்கா பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், எனக்கு வசைச் சொல்லுக்கு எப்போதும் பஞ்சமில்லை. ஆனால் என்னை முந்திக்கொண்டு மேலே கதவு அடித்தது. அம்மா படியில் இறங்கி வந்தார், வெறுங்காலோடு. அந்த இரும்புப் படி வெயிலில் சுடும். கையில் வெள்ளிச் செம்பு, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிறது.

நேரே வந்து ரூபன் கையிலிருந்த கப்பைப் பறித்து ரோட்டில் எறிந்தார். அக்காவின் கப்பையும்.

"எங்கடை வீட்டு மருமோன் இதிலை குடிக்கிறேல்லை அண்ணை. நாங்கள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்."

ரூபனும் மனுசன்தானே என்று அம்மா சொல்லவில்லை. செய்தது பிழை என்றும் சொல்லவில்லை. நாங்கள் ஆர். அதைத்தான் சொன்னார். விதானையார் பேசுகிற அதே பாஷை. அவருக்கு அது நன்றாக விளங்கியது. தலையைக் குனிந்து, பேணிகளைப் பெட்டிக்குள் வைத்து, கிழிந்த ரேப்பைத் திரும்ப அழுத்தி ஒட்டினார்.

அம்மா செம்பை ரூபனிடம் நீட்டினார். அவன் அக்காவைப் பார்த்தான். அவன் செம்பை வாங்கினான். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கவில்லை. விளிம்பில் வாயை வைத்து, மெல்ல, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

அம்மா அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செம்பை வாங்கிக்கொண்டு மேலே போய்த் தண்ணீர் நிரப்பி வந்தார். அதைக் கழுவாமல் அக்காவிடம் கொடுத்தார். அக்கா குடித்து மிச்சம் வைத்ததைத் தானும் குடித்தார்.